பிளஸ் பிளஸ்ஸாம், மண்ணாங்கட்டி!

மாலத்தீவு ரிசார்ட்காரங்க ரேட் போடற லட்சணத்தைப் பத்தி யாராவது வாய்விட்டுப் பேசணும். நானே பேசிடறேன்.

ஒரு ராத்திரிக்கு 500 டாலர்னு கொட்டை எழுத்துல இருக்கும். பக்கத்துல கடுகு சைஸுல ரெண்டு கூட்டல் குறி. ஏஜென்ட்டைக் கேட்டா "அது பிளஸ் பிளஸ் சார்"ங்கறான், என்னமோ எல்.கே.ஜி.லயே எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. முதல் பிளஸ் 10% சர்வீஸ் சார்ஜ். ரெண்டாவது 17% சுற்றுலா ஜிஎஸ்டி, அதுவும் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகைக்கு. ஆக 500 இப்போ 643.50. ஏன்யா, அதையே முதல்ல போட்டா கை வலிக்குமா?

அதோட விட்டாங்களா? கிரீன் டாக்ஸ் தனி. 2025 ஜனவரியிலேர்ந்து ரிசார்ட்ல தலைக்கு, ராத்திரிக்கு 12 டாலர். முன்னாடி 6தான். நாலு பேர் நாலு ராத்திரி தங்கினா 192 டாலர். அரசாங்கம் வாங்கறதைக் குத்தம் சொல்லலை. அவங்க தீவு, அவங்க கடல். ரிசார்ட்காரன் அதை மொத்தத்துல காட்டாம பணம் கட்டற பக்கம் வரைக்கும் ஒளிச்சு வைக்கறானே, அதுலதான் வயிறு எரியுது.

இதெல்லாம் ஜுஜுபி. அசல் கொள்ளை சீபிளேன், அதான் தண்ணில இறங்கற குட்டி விமானம். அங்க பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். ஏர்போர்ட் இருக்கறது தலைநகர் மாலே பக்கத்துல ஹுல்ஹுலே தீவுல. பக்கத்துத் தீவுன்னா ஸ்பீட்போட். தூரம்னா சீபிளேன், போக வர ஆளுக்கு 400, 500 டாலர்னு கூசாம கேக்கறான். வேண்டாம்னா நீந்தியா போறது? அது தெரிஞ்சுதானே கேக்கறான்! எத்தனை மணிக்கு ஏத்துவாங்கங்கறதை முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்வாங்களாம். இருட்டினா பறக்காது. நம்ம ஃப்ளைட் லேட்டா இறங்கிச்சுன்னா அன்னிக்கு ஏர்போர்ட் பக்கத்துல இருக்கற ஹுல்ஹுமாலேல ரூம் போட்டுத் தூங்கணும், நம்ம காசுல. ரிசார்ட்ல அந்த ராத்திரிக்கும் வாடகை ஓடிக்கிட்டிருக்கும்.

சரி, சாப்பாடாவது ஒழுங்கா இருக்கான்னு பார்த்தா ஹாஃப் போர்டு. காலை டிபன், ராத்திரி சாப்பாடு. "ஏங்க, தண்ணி?"ன்னு வீட்ல கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மெயில் போட்டுக் கேட்டேன். ரூம்ல ரெண்டு பாட்டில் ஃப்ரீ, டின்னர் டேபிள்ல குடிச்சா பில். தெருமுனைக் கடையில வாங்கிக்கலாம்னா, அங்க தெருவே கிடையாது! மதியம் பசங்களுக்குப் பசிச்சா மெனு கார்டுல இருக்கறதுதான், அதுக்கும் அதே பிளஸ் பிளஸ்.

இதுல டிசம்பர் 31 அன்னிக்கு அங்க இருந்தா காலா டின்னர்னு ஒரு ஸ்பெஷல் விருந்து கட்டாயமாம். நான் அன்னிக்கு விரதம்னாலும் காசு கட்டணும்.

மாஃபுஷி மாதிரி ஜனங்க குடியிருக்கற தீவுல கெஸ்ட் ஹவுஸ் எடுத்தா சல்லிசா முடியும்னு ஃப்ரெண்ட் சொல்றான். நியாயம்தான், சின்ன கெஸ்ட் ஹவுஸுக்கு கிரீன் டாக்ஸும் பாதிதான். ஆனா வீட்ல எல்லாரும் கடல் மேல நிக்கற அந்த வில்லா போட்டோவைப் பார்த்துத் தொலைச்சுட்டாங்களே.

ஏஜென்ட் மறுபடியும் கூப்பிடறான். "ஆஃபர் இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணியோட முடியுது சார்." முடியட்டும்யா! மொதல்ல அந்த ரெண்டு பிளஸ்ஸையும் கூட்டி, கிரீன் டாக்ஸ், சீபிளேன், தண்ணி பாட்டில் எல்லாம் சேர்த்து ஒரே நம்பரா எழுதி அனுப்பு, அப்புறம் பேசலாம்.