குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி

ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் கல்யாணப் பந்தியில் அண்ணன் ஒருவர் என் மகளின் படிப்பைப் பற்றிப் பேசியதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பந்தியில் ஆயிரம் பேசுவார்கள். அதையே வாய்ஸ் மெசேஜாகப் பேசி சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டபிறகு எனக்கு வேறு வழியில்லை. உங்களில் பாதிப்பேர் கேட்டிருப்பீர்கள். "கையில வந்த இன்ஜினியரிங் சீட்டை விட்டுட்டு, நீச்சல் குளம் பக்கமா இருக்குன்னு ஏதோ ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல சேர்க்குறாங்களாம். குளத்தைப் பார்த்தா காலேஜ் தேடுவாங்க?"

ஆமாம் அண்ணே, குளத்தைப் பார்த்துத்தான் தேடினோம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரே போட்டியாக வருகிற டிரையத்லானுக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளைக்கு எங்கே தங்குவது என்பதுதான் முதல் கேள்வி. எந்தக் கல்லூரி என்பது அப்புறம்தான்.

என் மகள் ஏதோ ஓடுகிறாள், சைக்கிள் விடுகிறாள் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஜூனியர் போட்டியில் 750 மீட்டர் நீந்தி, கரையேறிய ஈரத்தோடு 20 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கின காலோடு 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஷூ மாட்டுகிற நேரமும் கணக்கில் சேரும். 2000 சிட்னியிலிருந்து இது ஒலிம்பிக்கில் இருக்கிறது. அங்கே தூரம் இதில் இரண்டு மடங்கு. முதலில் வருவது நீச்சல். முன்னால் கரையேறுகிற கூட்டத்தோடு நீங்களும் ஏறவில்லை என்றால் கதை பாதி முடிந்தது. அவர்கள் சைக்கிளில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு, எதிர்க்காற்றை மாற்றி மாற்றி முகத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பின்னால் வருகிற பிள்ளை அத்தனை காற்றையும் தனியாக வாங்கிக்கொண்டு மிதிக்க வேண்டும். அப்புறம் ஓடுவதற்குக் காலில் என்ன மிச்சம் இருக்கும்? என் மகளுக்கு நடந்தது அதுதான். ஓட்டத்தில் அவளை முந்த ஆள் குறைவு. ஆனால் தண்ணீரிலேயே எல்லாம் போய்விடுகிறது.

"நம்ம ஊர்ல தண்ணியா இல்ல?" என்று ஒருவர் அந்த மெசேஜுக்குக் கீழே கேட்டிருந்தார். இருக்கிறது. குடிக்கிற ஊருணியில் காலை நனைத்தாலே ஊர் சும்மா விடாது, விடவும் கூடாது. கண்மாய் மழைக்கு அப்புறம் நிறையும், பங்குனியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தோட்டத்துக் கிணற்றில் அவள் நீந்துவதை மேலே நின்று பார்த்திருக்கிறேன். நாலு வீச்சு, சுவர். திரும்பினால் மறுபடி நாலு வீச்சு, சுவர். மோட்டார் பைப்பில் இடித்து முழங்கை தோல் உரிந்து வந்து, மஞ்சளை வைத்துக்கொண்டு மறுநாளும் இறங்கினாள். தேவகோட்டை தாண்டித் தொண்டிக்கும் கூட்டிப் போனோம். அங்கே கடல் வெகு தூரத்துக்கு இடுப்பளவுதான். நீந்துவதற்கு முன்னால் நடந்தே களைத்துப் போனாள்.

1994இல் குற்றாலீசுவரன் பாக் நீரிணையை நீந்திக் கடந்தபோது அவருக்கு 12 வயது. அந்தக் கடல் நமக்கு எவ்வளவு பக்கம்! ஆனால் நீந்திய பையன் வளர்ந்தது சென்னையில். கடல் பக்கத்தில் இருந்தால் போதாது. தினமும் இறங்குகிற குளமும், கரையில் நின்று கையைத் திருத்துகிற கோச்சும், பக்கத்துத் தடத்தில் உங்களைவிட வேகமாக நீந்துகிற நாலு பேரும் வேண்டும். சென்னை வேளச்சேரியில், 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய 50 மீட்டர் குளம் இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் சுவரே குறுக்கிடாமல் அவள் நீந்தியதை அங்கேதான் பார்த்தேன். அன்றைக்கே நானும் அவள் அப்பாவும் முடிவு பண்ணிவிட்டோம்.

சரி, இன்ஜினியரிங். எல்லாருக்கும் வலிக்கிற இடம் இதுதான் போலிருக்கிறது. அந்தக் கல்லூரியை நான் குறை சொல்லவில்லை. போய்ப் பார்த்தோம், நல்ல கட்டடம், நல்ல பேர். பெண்கள் விடுதியின் கேட்டைக் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்களாம். வகுப்பு எட்டரைக்கு. இருப்பதிலேயே பக்கமான நீச்சல் குளத்துக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம். எப்போது போய், எப்போது நீந்தி, எப்போது வந்து சாப்பிட்டு உட்காருவாள்? வார்டனிடம் கேட்டேன். "இங்க படிக்க வர்ற பிள்ளைங்களைத்தான் நாங்க பார்க்கிறோம்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சென்னையில் பல கலைக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட் உண்டு. மத்தியான ஷிப்டில் சேர்ந்தால் வகுப்பு மதியச் சாப்பாட்டுக்கு மேலேதான். காலை முழுக்க அவளுடையது. நீந்தலாம், சாப்பிடலாம், ஒரு மணி நேரம் தூங்கலாம், புத்தகத்தையும் எடுக்கலாம். தூக்கமும் பயிற்சிதான் என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அவள் எடுத்திருப்பது பி.எஸ்சி. கணிதம். கணிதம் எப்போது 'ஏதோ ஒரு படிப்பு' ஆனது என்று எனக்குப் புரியவில்லை.

"அழகப்பா இருக்கும்போது அங்கே எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு: நம் காரைக்குடி அழகப்பா வளாகத்தில்தான் நான் படித்ததே. உடற்கல்விக்கென்றே தனிக் கல்லூரி வைத்திருக்கிற வளாகம் அது. அதன்மேல் எனக்கு இருக்கிற மரியாதை உங்களுக்கு இருப்பதைவிடக் குறைவில்லை. ஆனால் அவளுக்கு இப்போது வேண்டியது அந்தக் குளமும் அந்தக் கோச்சும். செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, அது எங்கள் பணம்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சைக்கிளுக்கு நம் ஊரைப்போல எங்கேயும் கிடையாது. விடியற்காலையில் கானாடுகாத்தான் தாண்டித் திருச்சி ரோட்டில் அவள் மிதிக்க, அவள் அப்பா டிவிஎஸ்ஸில் பின்னால் லைட்டைப் போட்டுக்கொண்டு போவார். சீமைக்கருவேல முள் ஒன்றுதான் தொந்தரவு. அந்த மெல்லிய டயரில் முள் எங்கே ஏறியது என்று இரண்டு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்து விரலால் தடவித் தடவித் தேடுவார்கள். சென்னை டிராபிக்கை நினைத்தால் எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. இதைச் சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் வேறு இடத்தில். அந்த மெசேஜின் கடைசியில், "இதுக்காக ஆத்தாக்காரி புருஷனை விட்டுட்டு மெட்ராஸ்ல போய் உக்காரப் போறாளாம்" என்று வருகிறதே, அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆமாம், போகிறேன். பதினெட்டு வயசுப் பிள்ளைக்குக் காலை நாலரைக்கு எழுந்து சாப்பாடு கட்டிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். கடையை விட்டு அவர் வர முடியாது, நான் பள்ளிக்கூட வேலையை விட முடியும். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இது.

என் அப்பத்தாவின் அப்பா, வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கிற பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர். போனால் மூன்று வருஷம். இந்தச் செட்டிநாட்டுச் சீமையில் வீட்டுக்கு வீடு அப்படித்தானே போனார்கள்? பர்மா, மலேயா, சிலோன் என்று தொழில் எங்கே நடக்குமோ அந்த ஊரில் போய் இருந்தார்கள். பெண்கள் இங்கே முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் தனியாகக் கட்டி ஆண்டார்கள். பெண்டாட்டியை விட்டுட்டுப் போய்ட்டான் என்று அவர்களை எந்தப் பந்தியிலாவது பேசினார்களா? அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளைக் காட்டித்தானே இன்றைக்கும் பெருமை பேசுகிறோம்? என் மகளின் தொழில் தண்ணீரில் இருக்கிறது. நாங்கள் அங்கே போகிறோம்.

அந்தக் குரூப்பில் அவளும் இருக்கிறாள் அண்ணே. முழுதும் கேட்டாள். ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாயங்கால ஓட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். இனி ஏதாவது கேட்க வேண்டும் என்றால் எனக்கு போன் பண்ணுங்கள், பதில் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு உதவி. வேளச்சேரியில் குளத்துக்குப் பக்கமாக இரண்டு பேர் இருக்கிற மாதிரி சின்ன வீடு வாடகைக்குத் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மாடி என்றாலும் பரவாயில்லை. சைக்கிளை வீட்டுக்குள் வைக்கவும், விடியற்காலையில் கேட்டைத் திறந்துகொண்டு போகவும் ஓனர் சம்மதிக்க வேண்டும்.