டெல்லியில் நம் பட்டறைகளுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. ரொம்ப நாளாக மனதில் கிடப்பது, இன்று எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தமிழ்நாடு அரசு நம் பாதுகாப்புத் தளவாடத் தொழிலுக்காக மட்டும் டெல்லியில் ஒரு மூத்த ஆளை நியமிக்க வேண்டும். மேஜர் ஜெனரல், ரியர் அட்மிரல், ஏர் வைஸ் மார்ஷல் என்ற அளவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், ராணுவக் கொள்முதல் எப்படி நடக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவர். படைகளுக்கு அடுத்த சில வருடங்களில் என்ன தேவைப்படப் போகிறது என்பதை முன்கூட்டியே இங்கே வந்து சொல்ல வேண்டும், நம் பட்டறைகளால் என்ன செய்ய முடியும் என்பதை அங்கே போய்ச் சொல்ல வேண்டும். அவருக்கு இந்த வேலை போதும், வேறு எதுவும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் குறையை நான் பட்டே தெரிந்துகொண்டேன். எங்களுடையது கோவையில் ஒரு சின்ன சிஎன்சி பட்டறை, அதாவது கணினி சொல்லும் அளவில் உலோகத்தைக் கடையும் இயந்திரங்கள் வைத்திருக்கிறோம். பம்பு பாகங்கள், ஜவுளி இயந்திர பாகங்கள் என்று ஜாப் ஒர்க்கில் ஆரம்பித்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து, பெயர் வேண்டாம், அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வால்வு பாகத்தைச் செய்து காட்டச் சொன்னார்கள். பத்து மைக்ரானுக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குள், நிற்க வேண்டிய வேலை. பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள அதற்கென்று தனி ஃபிக்ஸர் போட்டோம், இரண்டு முறை பொருள் வீணானது, மூன்றாவது முறை சரியாக வந்தது. எங்கள் ஆபரேட்டர் பையன் அன்று இரவு வீட்டுக்கே போகவில்லை, அளவு எடுத்து முடித்துப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றான். சாம்பிள் அனுப்பினோம். பதினான்கு மாதம் பதிலே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, நாங்கள் அனுப்பிய மூன்றாவது மாதமே டிராயிங் திருத்தப்பட்டுவிட்டது, ஒரு துளையின் இடம் மாறியிருக்கிறது, மேற்பூச்சும் வேறு. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆர்டர் இன்னொரு மாநிலத்து நிறுவனத்துக்குப் போய்விட்டது. அவர்களுக்கு அந்தத் திருத்தம் அதே வாரத்தில் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் அவர்களுடைய ஆள் வாராவாரம் அந்த அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார். இதில் முறைகேடு நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போய்க் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இது ஒரு பட்டறையின் கதை மட்டும் என்றால் விட்டுவிடலாம். நம் மாநிலத்தையே கொஞ்சம் பாருங்கள். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் வந்தது, விஜயந்தா டாங்கி அங்கிருந்துதான் வெளியே வந்தது. பக்கத்திலேயே டாங்கிகளை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் இருக்கிறது. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை, அருவங்காட்டில் நூறு வருடத்துக்கும் மேலான வெடிமருந்துத் தொழிற்சாலை, சூலூரில் தேஜஸ் போர் விமானப் பிரிவு, காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் பழுதுபார்க்க வந்தது அந்தக் காட்டுப்பள்ளிக்குத்தான். இவ்வளவும் இருக்கிறது. ஆனால் முடிவெடுக்கும் மேசை எங்கே இருக்கிறது? 2021 அக்டோபரில் பழைய தளவாடத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள் இல்லையா, அதில் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டது ஒன்றே ஒன்று. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் தலைமை அலுவலகம் இப்போது கான்பூரில். அருவங்காட்டுக்கு புனேயில். விமானம் என்றால் பெங்களூரு, ஏவுகணை என்றால் ஹைதராபாத், இவை எல்லாவற்றுக்கும் மேலே டெல்லி. வேலை செய்யும் கை இங்கே, வேலை கொடுக்கும் வாய் அங்கே.

பாதுகாப்புத் தொழில் வழித்தடம், அதாவது சில ஊர்களை இணைத்து இந்தத் தொழிலை வளர்க்கும் திட்டம், வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது, நல்லதுதான். 2018 மத்திய பட்ஜெட்டில் இரண்டு வழித்தடங்களை அறிவித்தார்கள், ஒன்று உத்தரப் பிரதேசத்துக்கு, ஒன்று நமக்கு. 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து இடங்கள், மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ பொறுப்பு. 2022-இல் மாநில அரசு விண்வெளி, பாதுகாப்புத் தொழிலுக்குத் தனிக் கொள்கையே வெளியிட்டது. பத்து வருடத்தில் 75,000 கோடி ரூபாய் முதலீடு, ஒரு லட்சம் பேருக்கு வேலை என்பது அதன் இலக்கு. ட்ரோன், மின்னணுப் போர்க் கருவி, ஒளியியல் கருவி இவற்றைச் சோதிக்கும் மையங்களுக்கு 2024-இல் ஒப்பந்தம் போட்டார்கள். இதைச் செய்த அதிகாரிகளை நான் மனதாரப் பாராட்டுகிறேன், கட்சி வேறுபாடு இல்லாமல். ஆனால் நிலமும் மானியமும் சோதனை மையமும் பொருளைச் செய்யத்தான் உதவும். அதை வாங்கப் போகிறவரிடம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது வேறு வேலை. அந்த வேலையை இன்று முழுநேரமாகச் செய்ய யாரும் இல்லை.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. டெண்டர் வந்த பிறகு ஓடினால் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். ராணுவத்துக்கு ஒரு கருவி வேண்டும் என்றால் முதலில் அதற்கு என்னென்ன தகுதிகள் இருக்க வேண்டும் என்று படைத் தலைமையகம் எழுதுகிறது. எவ்வளவு எடை, எவ்வளவு குளிரில் ஓட வேண்டும், எவ்வளவு உயரத்தில் வேலை செய்ய வேண்டும் என்று வரி வரியாக. அதை எழுதுவதற்கு முன்னால் ஆர்.எஃப்.ஐ. என்று ஒரு கேள்வித்தாளை வெளியிடுவார்கள், யார் என்ன செய்ய முடியும், எவ்வளவு நாளாகும் என்று. அந்தக் கட்டத்தில் பதில் சொல்கிறவர்களுடைய திறமைதான் தகுதிப் பட்டியலுக்குள் போய் உட்காருகிறது. அப்புறம் இது தேவைதான், வாங்கலாம் என்ற அமைச்சகத்தின் தேவை ஏற்பு, அதற்கப்புறம்தான் டெண்டர், தொழில்நுட்ப மதிப்பீடு, பாலைவனத்திலும் பனிமலையிலும் களச் சோதனை, விலைப் பேச்சு. வருடங்கள் ஓடிவிடும். சோதனைக்குப் பொருளை அனுப்பும் செலவும் நம்முடையது, ஆர்டர் கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. முப்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை அதைத் தாங்க வேண்டும் என்றால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், எதைத் தட்டவே கூடாது என்று முதல் நாளே ஒருவர் சொல்ல வேண்டும். "இது உங்களுக்கு ஆகாது, விடுங்கள்" என்று நேர்மையாகச் சொல்லும் ஒரு குரல் எங்களைப் போன்றவர்களுக்கு லட்சக்கணக்கில் மிச்சப்படுத்தும்.

வெளியே இதை ஏற்கெனவே செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கும் தலைநகர் கான்பெராவுக்கும் நடுவே 3,000 கிலோமீட்டர். அந்த மேற்கு ஆஸ்திரேலிய மாநிலம், தன் கப்பல் கட்டும் தொழிலுக்கும் மற்ற பாதுகாப்புத் தொழில்களுக்கும் பேசுவதற்கென்றே ஓய்வு பெற்ற ரியர் அட்மிரல் ஒருவரை நியமித்தது. தெற்கு ஆஸ்திரேலியா 2007-லேயே இதற்கென தனி அமைப்பு வைத்தது. 2018-இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு, பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதிக்காகப் பேச, முன்பு பாதுகாப்பு அமைச்சராக இருந்த டேவிட் ஜான்ஸ்டனையே நியமித்தது. இங்கே பக்கத்தில் தெலங்கானா அரசில் விண்வெளி, பாதுகாப்புத் துறைக்கென்று தனி இயக்குநர் இருக்கிறார். உத்தரப் பிரதேசத்துக்கு டெல்லி கூப்பிடு தூரம், லக்னோவில் 2025 மே மாதம் பிரம்மோஸ் ஏவுகணை மையமே திறந்துவிட்டார்கள். தூரத்தில் இருக்கிறவன்தான் ஆள் அனுப்ப வேண்டும், நாம்தான் தூரத்தில் இருக்கிறோம்.

சரி, யாரை நியமிப்பது? இங்கேதான் எனக்குப் பயம். ஓய்வு பெற்ற பெரிய மனிதர் ஒருவருக்கு காரும் அறையும் கொடுத்து, விழாவுக்கு விழா மேடையில் உட்கார வைப்பதாக இது ஆகிவிட்டால் எழுதியதெல்லாம் வீண். பதக்கங்களைப் பார்த்து எடுக்கக் கூடாது. கொள்முதல் பிரிவிலோ, தகுதிப் பட்டியல் எழுதும் பிரிவிலோ, தளவாடப் பராமரிப்பிலோ வருடக்கணக்கில் உழன்றவராகப் பார்த்து எடுக்க வேண்டும். வெளிப்படையாக விளம்பரம் கொடுக்க வேண்டும். நேர்காணல் குழுவில் ஐஏஎஸ் அதிகாரிகளோடு இரண்டு சிறு பட்டறைக்காரர்களும் இருக்கட்டும். நேர்காணலையே ஒரு பட்டறையில் வைக்கலாம் என்பேன். ஓசூரிலோ கோவையிலோ ஒரு ஷாப் ஃப்ளோரில் அவரை நடக்கவிட்டு, அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாகத்தைக் கையில் கொடுத்து, இது எந்தப் படைக்கு எங்கே பயன்படும், யாரிடம் போய்ப் பேசுவீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். மூன்று வருடம் பதவி, கூடவே நான்கைந்து பேர், அதில் ஒருவராவது பட்டறையில் வளர்ந்த பொறியாளர். மாதத்தில் பத்து நாள் அவர் தமிழ்நாட்டில் இருக்க வேண்டும், அதுவும் தலைமைச் செயலகத்தில் இல்லை, ஐந்து ஊர்ப் பட்டறைகளில்.

டெல்லியில் ஏற்கெனவே மாநில அரசின் சிறப்புப் பிரதிநிதி இருக்கிறாரே என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் வெள்ள நிவாரணம், நிதிப் பகிர்வு, ரயில் திட்டம் என்று எல்லாவற்றுக்கும் அலைகிறவர். ஒரு கியர் பாகத்தின் டிராயிங் மாறியதா என்று அவர் போய்க் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

இன்னொரு கேள்வி முக்கியமானது, அதைத் தள்ளிவிட முடியாது. ராணுவக் கொள்முதலில் நடுவில் ஒரு ஆள் என்றாலே நம் நாட்டில் சந்தேகம் வரும். 1987-இல் பீரங்கி வாங்கியதில் லஞ்சம் என்று போஃபர்ஸ் விவகாரம் வெடித்ததிலிருந்து அந்தச் சந்தேகம் நியாயமாகவே இருக்கிறது. அதனால்தான் நான் அரசு ஊதியத்தில் ஒருவரைக் கேட்கிறேன். கமிஷன் கிடையாது, எந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் இருக்கக் கூடாது, குடும்பத்தார் வைத்திருக்கும் பங்குகள் உட்பட எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும், பதவி முடிந்து குறைந்தது இரண்டு வருடம் இத்துறை நிறுவனங்களில் சேரக் கூடாது. எந்த அதிகாரியை எந்த நாளில் எதற்காகச் சந்தித்தார் என்பதை மாதாமாதம் இணையத்தில் போட வேண்டும். ஒரு தனி நிறுவனத்துக்காக அவர் வாய் திறக்கவே கூடாது. "கோவையில் இந்த வேலையை இத்தனை பட்டறைகள் செய்கின்றன, வந்து பாருங்கள்" என்று சொல்லலாம். "இவருக்கு ஆர்டர் கொடுங்கள்" என்று சொல்லக் கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டினால் அன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் வெளியே பேசுவதில்லை. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்களில் பலர் ஐடிஐ படித்துவிட்டு லேத்தில் நின்று முன்னுக்கு வந்தவர்கள். இரும்பைத் தொட்டுப் பார்த்தே ரகம் சொல்வார்கள். ஆனால் டெல்லியில் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசச் சொன்னால் தயங்குவார்கள், பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு ரயிலேறிவிடுவார்கள். நானே அப்படித் திரும்பி வந்திருக்கிறேன். வேலை தெரிந்தவன் பேச்சு தெரியாததால் தோற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

நியமிக்கப்படுபவர் முதல் நாள் எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்டால் வெலிங்டன் என்பேன். முப்படைகளின் நடுத்தர அதிகாரிகள் வருடாவருடம் நூற்றுக்கணக்கில் வந்து படிக்கும் பணியாளர் கல்லூரி நீலகிரியில்தான் இருக்கிறது. நாளைக்குத் தகுதிப் பட்டியல் எழுதப் போகிறவர்கள், களச் சோதனையில் நிற்கப் போகிறவர்கள் பலர் அவர்களில் இருப்பார்கள். மலையிறங்கினால் மேட்டுப்பாளையம், அதைத் தாண்டினால் கோவை. ஒவ்வொரு வருடமும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர்களை நான்கு பட்டறைகளுக்கு அழைத்து வந்து காட்டினால் போதும். முன்களத்தில் எந்த உதிரி பாகம் கிடைக்காமல் வண்டி நிற்கிறது என்று அவர்கள் சொல்வார்கள், அதை எப்படிச் செய்வது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். டீ செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த மாதம் எங்கள் வட்டாரச் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். முதலில் பதவி, இரண்டாவது நியமன முறை, மூன்றாவது மாதாந்திர அறிக்கை என்று மூன்றே பத்திதான். ஓசூர், சேலம், திருச்சி நண்பர்கள் உங்கள் சங்கத்திலும் அதே தீர்மானத்தைப் போட்டீர்கள் என்றால் தொழில்துறைச் செயலாளரிடம் எல்லாரும் சேர்ந்தே போய்க் கொடுக்கலாம். வரைவு என்னிடம் தயாராக இருக்கிறது, கேட்பவர்களுக்கு இன்றைக்கே அனுப்புகிறேன்.