ஃபார்மேட்டிங் தானே, அஞ்சு நிமிஷ வேலை

போன வாரம் ஆபிஸ்ல ஒரு தம்பி செம கடுப்புல வந்தான். ஏதோ பழைய ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டுக்கு (யாரு வேணாலும் திருத்தி அனுப்பலாம்) புரோகிராம் கோட எல்லாம் இடைவெளி, வரி மட்டும் ஒழுங்கா வர்ற மாதிரி அழகா அலைன் பண்ணி அனுப்பினானாம், நாப்பது ஃபைல், அதப் பாத்துக்குற மெயின்டெய்னர் ஒரே வரியில வேணாம்னு மூடிட்டாராம். "நல்லது பண்ணப் போனா இப்படியாண்ணே, வெறும் ஃபார்மேட்டிங் தானே"ன்னான். கீழ கோப்பிக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி ஆளுக்கொரு தே வாங்கிட்டு என் கதைய சொன்னேன். அதையே இங்கயும் எழுதி வைக்கிறேன், வேற யாராச்சும் மாட்டாம இருக்கட்டும்.

யூனிகோடு (எல்லா மொழிக்கும் ஒரே எண் முறை) பரவுறதுக்கு முன்னாடி தமிழுக்கு ஆளுக்கொரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கு ஒரு என்கோடிங், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்துங்கற கணக்கு. 1997-ல நம்ம சிங்கப்பூர்ல தமிழ்நெட்னு கம்ப்யூட்டர் தமிழுக்கான மாநாடு நடந்த காலம் அது. அப்புறம் திஸ்கின்னு ஒரு என்கோடிங் வந்துச்சு, 1999-ல டாம், டாப்னு இன்னும் ரெண்டு வந்துச்சு. அந்த திஸ்கி ஃபைலை யூனிகோடா மாத்துற ஒரு குட்டி சி புரோகிராம், அதுலதான் நான் கை வச்சேன். பாதி வரி டேப், பாதி வரி ஸ்பேஸ், சில ஃபைல்ல விண்டோஸ் லைன் எண்டிங், பாக்கவே கண்ணு வலிக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோட தானா ஒழுங்குபடுத்துற கிளாங்-ஃபார்மேட்ட ஓட்டினேன், அங்கங்க கையாலயும் சரி பண்ணி சேவ் அடிச்சேன், கம்பைல் ஆச்சு (கோடு ஓடுற புரோகிராமா மாறிடுச்சு), ஒரு வார்னிங் கூட இல்ல. பெருமையா அனுப்பிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு மெயின்டெய்னர் பெரியவர் கேட்டாரு, "தம்பி, டேபிள்ல எல்லா எழுத்தும் ஒண்ணா இருக்கே?" திறந்து பாத்தா நூத்துச் சொச்சம் வரியிலயும் கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறி. நடந்தது என்னன்னா, அந்த மேப்பிங் டேபிள்ல திஸ்கி பைட்டையெல்லாம் அப்படியே மேற்கோள் குறிக்குள்ள போட்டு வச்சிருந்தாங்க. என் எடிட்டர் அந்த ஃபைலை யூடிஎஃப்-8 (யூனிகோட ஃபைல்ல எழுதுற முறை)னு நெனச்சு திறந்து, புரியாத பைட்டுக்கெல்லாம் அந்த கேள்விக்குறிய வச்சு, நான் சேவ் அடிச்சதும் அதையே எழுதிடுச்சு. கம்பைலருக்கு என்ன தெரியும், அதுக்கு அதுவும் ஒரு ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) தானே. டெஸ்ட் இருந்தா பிடிச்சிருக்கும், ஆனா அந்த புராஜெக்ட்ல டெஸ்ட்டுன்னு ஒண்ணே கிடையாது. இது போக, கொம்பு முன்னாடி வர்ற எழுத்தையெல்லாம் (திஸ்கில கொம்பு முதல்ல, அப்புறம்தான் ககரம், யூனிகோடுல அப்படியே தலைகீழ்) ஒருத்தரு பத்தி பத்தியா நேர்கோட்டுல அடுக்கி வச்சிருந்தாரு, கண்ண ஓட்டினாலே தப்பு தெரியுற மாதிரி. அதையும் கிளாங்-ஃபார்மேட் சுருட்டி மடக்கிடுச்சு.

அதுக்காக ஃபார்மேட்டிங் வெட்டி வேலைன்னு நான் சொல்ல வரல. 2014-ல ஆப்பிளோட எஸ்எஸ்எல் (இன்டர்நெட் இணைப்ப பாதுகாக்குற) கோடுல வந்த பக் ஞாபகம் இருக்கா? "கோட்டூ ஃபெயில்"னு ஒரு வரி ரெண்டு தடவ இருந்துச்சு, ரெண்டாவது வரி 'இஃப்' நிபந்தனைக்கு வெளிய கிடந்தும் உள்ள இருக்குற மாதிரியே தள்ளி நின்னுச்சு, பாக்குறவன் கண்ணு ஏமாந்துடும். ஃபார்மேட்டர ஓட்டியிருந்தா அந்த வரி இடது பக்கம் வந்து பல்லக் காட்டியிருக்கும். ஜிசிசிங்கற கம்பைலரோட 6-ம் வெர்ஷன் வந்தப்போ இதுக்குன்னே ஒரு வார்னிங் சேத்தாங்க.

என் சண்டையெல்லாம் எப்படி பண்றோம்ங்கறதுல தான். பழைய புராஜெக்ட்ல கிட்டோட (கோட்ல பண்ற மாத்தத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கிற டூல்) 'பிளேம்' கமாண்ட் தான் ஜாதகம், இந்த வரிய யாரு எப்ப எதுக்கு எழுதினாங்கன்னு அதுதான் சொல்லும். நீ வந்து எல்லா வரியையும் தொட்டா எல்லா வரியிலயும் உன் பேருதான் வரும், மூணு வருஷம் கழிச்சு ஒருத்தன் "இது ஏன் இப்படி"ன்னு உன்னக் கேப்பான், உனக்கு என்ன தெரியும்? இடைவெளி மட்டும் மாறியிருந்தா பிளேம்ல டேஷ்-டபிள்யூ (இடைவெளிய கண்டுக்காதே) போட்டு சமாளிக்கலாம், வரிய உடைச்சு மடக்கியிருந்தா அதுவும் சரியா கைகொடுக்காது. இதுக்குத்தான் 2019-ல கிட் 2.23-ல ஒரு வழி வச்சாங்க, இந்த கமிட்ட (ஒரு தடவ பதிஞ்ச மாத்தத்த) கணக்குல எடுக்காதேன்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சுடலாம். 2022-ல ஜாங்கோங்கற வெப் புராஜெக்ட்காரங்க மொத்த புரோகிராம் கோடையும் பிளாக்னு ஒரு ஃபார்மேட்டர்ல போட்டு எடுத்தப்போ இப்படித்தான் பண்ணாங்க. அம்புட்டு பெரிய புராஜெக்ட்டே பண்ணும்போது நமக்கென்ன.

ஆனா அந்த கமிட்ல வேற எதுவும் இருக்கக்கூடாது. அப்படியே ஒரு சின்ன பக்கையும் சரி பண்ணிட்டேன்னு சொல்றவன நான் நம்பவே மாட்டேன், ஆறாயிரம் வரி டிஃப்ல (மாத்தப் பட்டியல்ல) அந்த ஒரு வரிய யாரு தேடுறது. ஓட்டின கமாண்ட கமிட் மெசேஜ்லயே எழுதணும், வேற ஒருத்தர் ஓட்டினாலும் அதே ரிசல்ட் வரணும், கைவேலை கூடவே கூடாது. சி கோடுன்னா டீபக் தகவல அணைச்சிட்டு முன்னாடியும் பின்னாடியும் பில்ட் பண்ணி பைனரிய (கம்பைல் ஆகி வர்ற ஃபைலை) ஒப்பிட்டுப் பாரு. முக்கியமா முன்கூட்டியே சொல்லிடணும், மத்தவங்க பாதி வேலையில இருப்பாங்க, அவங்க பிராஞ்ச் (தனியா வச்சு வேலை பாக்குற நகல்) எல்லாம் உன் மாத்தத்தோட மோதி கான்ஃப்ளிக்ட்ல செத்துடும். எங்க புளோக்குக்கு பெயிண்ட் அடிச்சப்போ லிஃப்ட் பக்கத்துல நோட்டீஸ் ஒட்டி, செடித்தொட்டி, செருப்பு ரேக் எல்லாத்தையும் உள்ள எடுத்து வைங்கன்னு சொல்லிட்டுத்தான் தொட்டாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி அப்பவும் எடுக்கல, அது வேற கதை லா.

தம்பி அமைதியா கேட்டுட்டு, "அப்ப அந்த டேபிள் என்னாச்சுண்ணே?"ன்னான். பழைய கமிட்லேர்ந்து மீட்டாச்சு. பெரியவர் பைட்ட எல்லாம் ஹெக்ஸ் எண்ணா எழுதி, மேலயும் கீழயும் கிளாங்-ஃபார்மேட் ஆஃப், ஆன்னு போட்டு, நடுவுல தமிழ்ல ஒரு கமெண்ட்டும் வச்சாரு: "அழகு படுத்த வேண்டாம்." எனக்குத்தான் அது. இன்னும் நாலு ஃபைல்ல டேப் கிடக்கு, அடுத்த ரிலீஸ் முடிஞ்சதும் ஓட்டலாம்னு சொல்லியிருக்காரு, கமாண்ட அவர்கிட்ட முன்னாடியே அனுப்பிட்டேன்.