பீட் விறகு மாதிரி திரும்ப வளராது

'அயர்லாந்தில் வெட்டும் பீட் விறகு மாதிரிதான், சில ஆண்டுகளில் வளர்ந்துவிடும்' என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. தவறு. பீட் என்பது சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி, காயவைத்து, விறகுபோல் எரிக்கும் மண் போன்ற பொருள்.

பனியுகத்துக்குப் பின் தூர்ந்த ஏரிகள்மேல் ஸ்பாக்னம் பாசி படர்ந்தது. மழைநீரே அதற்கு உணவு. நீர் தேங்கி, ஆக்சிஜன் இல்லாமல், அமிலமும் மிகுந்திருப்பதால் செத்த பாசி முழுதாக மட்காது. அடுக்கடுக்காகச் சேர்ந்து நிலமே மேடாக உப்பிவிடும். அதுதான் பீட். சேரும் வேகம் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். 1 மீட்டர் வெட்டினால் திரும்பச் சேர ஏறக்குறைய 1,000 ஆண்டுகள்! அதுவும் நிலம் ஈரமாகவே இருந்தால். வெட்டுவதற்கோ முதலில் நீரை வடித்துவிடுகிறார்கள். காய்ந்த பீட் கரியமில வாயுவை வெளியிடும்.

அயர்லாந்து அரசு நிறுவனமான போர்ட் ந மோனா பீட் அறுவடையை நிறுத்திவிட்டதாக 2021இல் அறிவித்தது. சரி, வடிகால்களை அடைத்தால் என்ன ஆகும்? பாசி சில ஆண்டுகளில் மீண்டும் படரலாம். பீட் அவ்வளவு சீக்கிரம் வராது.