புகாரை மூடிவிட்டார்கள், பள்ளம் திறந்தே கிடக்கிறது

நகர நிர்வாகங்கள் மக்களின் புகார்களைக் கண்டுகொள்வதில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்டுகொள்கிறார்கள், அதுவும் மிகுந்த அக்கறையோடு. புகாரை வாங்கி எண் கொடுக்கிறார்கள், குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள், கெடு குறிக்கிறார்கள், கெடு தீர்வதற்குள் அதை முடித்தும் வைத்துவிடுகிறார்கள். இவ்வளவு உழைப்பும் புகாரின் மேல்தான் நடக்கிறதே தவிர, புகார் எதைப் பற்றியதோ அந்தச் சாலைப் பள்ளத்தில் ஒரு சட்டி தார்கூட விழுவதில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் தெருமுனையில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகத் தோண்டிய இடத்தை, மேலோட்டமாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். மழை பெய்ததும் மண் உள்வாங்கி, இரு சக்கர வாகனத்தின் முன் சக்கரம் முழுதாக இறங்கும் அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. தண்ணீர் நின்றால் அங்கே பள்ளம் இருப்பதே தெரியாது. செயலியில் புகைப்படத்தோடும் இருப்பிடக் குறியோடும் புகார் பதிந்தேன். சில நாட்களில், ‘தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது’ என்ற செய்தி சான்றுப் படத்தோடு வந்து சேர்ந்தது. படத்தில் புதுத் தார் மின்னும் அழகான சாலை ஒன்று இருந்தது. நடுவில் தடுப்புச் சுவரும், அதன்மேல் வரிசையாகப் பூச்செடிகளும் இருந்தன. இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய எங்கள் தெருவுக்கும் அந்தப் படத்துக்கும் இருந்த ஒரே ஒற்றுமை, இரண்டும் தரையில் இருக்கின்றன என்பதுதான்.

அந்தப் படத்தை ஏற்றியவர் எந்தத் தெருவென்று தெரியாமல் ஏற்றியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அவருக்கு வேண்டியது ஏதோ ஒரு படம். கணினிக்கும் அதுதான் வேண்டும். குறித்த நாளுக்குள் புகார் முடியாவிட்டால் அது தானாகவே மேலதிகாரியின் பட்டியலுக்குப் போய்விடும். ஆய்வுக் கூட்டத்தில் ‘உங்கள் வார்டில் மட்டும் ஏன் இத்தனை நிலுவை?’ என்ற கேள்வி எழும். அந்தக் கூட்டத்தில் நிலுவை எண்ணிக்கை திரையில் தெரியும், பள்ளம் தெரியாது. ஆகவே எண்ணிக்கையைக் குறைப்பதற்கு என்ன வழி உண்டோ அதைச் செய்கிறார்கள். சில சமயம் பொறியாளரே தொலைபேசியில் அழைத்து, ‘சார், வேலையை அடுத்த வாரம் கண்டிப்பா முடிச்சுடலாம், புகாரை மட்டும் இன்னைக்கு மூடிக்கிறேன்’ என்று பணிவாகக் கேட்பதும் உண்டு. ஒப்பந்ததாரருக்கு நிலுவைத் தொகை வராமல், ஆளும் தாரும் இல்லாமல், மேலிருந்து கெடு மட்டும் வந்து இறங்கும் அந்த மனிதரின் நிலை எனக்குப் புரிகிறது. அதற்காக, அவருடைய பட்டியல் சுத்தமாவதும் என் தெரு சரியாவதும் ஒன்றுதான் என்று நான் தலையாட்ட முடியாது. ‘நிதி இல்லை, மூன்று மாதமாகும்’ என்று நேராக எழுதினால்கூடக் கோபம் பாதி தணிந்துவிடும். ஆனால் அப்படி உண்மையை எழுதுவதற்கு அந்தச் செயலியில் பொத்தான் இல்லை போலிருக்கிறது.

இதைவிட மோசமானது, ‘இது எங்கள் துறையைச் சார்ந்தது அல்ல’ என்று எழுதிப் புகாரை முடிப்பது. தோண்டியது குடிநீர்ப் பிரிவு, சாலை பொறியியல் பிரிவுக்குச் சொந்தம், பள்ளத்தின் ஓரத்தில் வெளியே தெரியும் கம்பி மின்சாரத்துக்குரியது. சரி, உங்களுடையது இல்லையென்றால் உரியவருக்கு அனுப்பிவையுங்கள் என்றால், மக்களே புதிதாகப் பதிய வேண்டுமாம். ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையே தாள் சுமக்கும் வேலையை வரி கட்டுபவன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

ஒரே எண்ணில் எல்லாக் குறைகளையும் சொல்லலாம் என்ற ஏற்பாடு உலகில் உருவானதே இந்த அலைச்சலை ஒழிப்பதற்குத்தான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1996-இல் 311 என்ற எண்ணைத் தொடங்கியபோது, அவசரமில்லாத அழைப்புகள் 911 என்ற அவசர உதவி எண்ணை அடைத்துக்கொள்ளாமல் தடுப்பதே நோக்கமாக இருந்தது. பிறகு சிகாகோ 1999-இலும் நியூயார்க் 2003-இலும் அதே எண்ணை நகர நிர்வாகத்தின் எல்லாச் சேவைகளுக்குமான பொது வாசலாக விரித்தன. எந்தக் குறைக்கு எந்தத் துறை பொறுப்பு என்பதைக் குடிமகன் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை, அதைத் தெரிந்துகொள்வது நிர்வாகத்தின் வேலை என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. அதைப் பார்த்து எண்ணையும் செயலியையும் எடுத்துக்கொண்ட நகரங்கள் பலவும், அந்த உயிர்நாடியை மட்டும் கவனமாக விட்டுவிட்டன. வாசல் ஒன்றாகிவிட்டது, உள்ளே இருந்த சுவர்கள் அப்படியே நிற்கின்றன.

அடுத்தது ‘ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்ற பதில். ஒரே பள்ளத்தைப் பற்றிப் பத்துப் பேர் புகார் செய்தால் அதில் ஒரு செய்தி இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. ஒன்பது பேரைத் தொந்தரவுக்காரர்களாக எண்ணி ஒரே சொடுக்கில் முடித்துவிடுகிறார்கள். நியூயார்க்கில் 2005-இலிருந்து அவ்வப்போது மேப்பிள் பாகு போன்ற இனிப்பு வாசனை நகரத்தின்மேல் பரவுவதும், மக்கள் பதறிப்போய் 311-ஐ அழைப்பதுமாக இருந்தது. ‘வாசனைதானே, போகட்டும்’ என்று அந்த அழைப்புகளை மூடியிருக்கலாம். நகர நிர்வாகத்தினரோ ஒவ்வோர் அழைப்பும் எந்த இடத்திலிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்று வரைபடத்தில் குறித்து, காற்றின் திசையோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆற்றுக்கு அக்கரையில் நியூஜெர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலையே காரணம் என்று 2009-இல் அறிவித்தார்கள். ஒரே மாதிரியான புகார்கள் குவிந்ததால்தான் அந்தக் கண்டுபிடிப்பே சாத்தியமாயிற்று. நம் பக்கத்துப் பணியாளர் ஒருவர் அன்று அந்த இருக்கையில் இருந்திருந்தால், முதல் அழைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ‘இரட்டைப் பதிவு’ என்று தள்ளியிருப்பார். முதல் அழைப்பை ‘வேறு மாநிலத்தைச் சார்ந்தது’ என்று முடித்திருப்பார்.

சரி, செய்ய முடியாத எதையாவது கேட்கிறேனா? பிரிட்டனில் 2007-இல் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற தளத்தில், யார் பதிந்த குறையும் எல்லோர் பார்வைக்கும் வரைபடத்தில் தெரியும். சில வாரங்கள் கழித்து, ‘குறை சரியாகிவிட்டதா?’ என்று பதிந்தவரிடமே கேட்கிறார்கள். குறையோடு வாழ்பவனிடம் கேட்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கு விண்கலம் ஏவும் தொழில்நுட்பம் தேவையில்லை. நம்முடைய ஏற்பாட்டில் யார்மீது புகாரோ அவரே விசாரிக்கிறார், அவரே தீர்ப்பெழுதுகிறார், அவரே சான்றுப் படமும் தேர்ந்தெடுக்கிறார். ‘மறுபடி திற’ என்ற பொத்தான் இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதை அழுத்தினால் புகார் மறுபடியும் போய் விழுவது அதே மேசையில்தான், அதுவும் நாம் பெயரைக் கெடுத்துவிட்டோம் என்ற கடுப்போடு காத்திருக்கும் மேசையில்.

குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அதைப்போலப் புகாரை மூடிய கையோடு இன்னொரு குறுஞ்செய்தியும் வருகிறது: ‘எங்கள் சேவை எப்படி இருந்தது? நட்சத்திரக் குறியிட்டு மதிப்பிடுங்கள்.’ ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே தேர்ந்தெடுக்க அதில் இடமில்லை. அந்த ஒற்றை நட்சத்திரமும் சேர்ந்துதான் ஆண்டறிக்கையில் சராசரியாகப் போய் உட்காரப்போகிறது. முதலில் அந்த அறிக்கையில், எத்தனை புகார்கள் முடிக்கப்பட்டன என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே, அவற்றில் எத்தனை முடிந்ததாகப் புகார் கொடுத்தவர் ஒப்புக்கொண்டார் என்ற ஒரு கட்டத்தையும் சேர்த்து அச்சிடட்டும். நட்சத்திரத்தை அப்புறம் கேட்கட்டும்.