அது திருவொற்றியூர் கிணறு இல்லை

"திருவொற்றியூரில் மெட்ரோவுக்குத் தோண்டியபோது கிடைத்த சோழர் காலப் படிக்கிணறு" என்று ஒரு படம் வடசென்னை வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. படத்தில் இருப்பது குஜராத்தின் பாட்டன் நகரிலுள்ள ராணி கீ வாவ். 11ஆம் நூற்றாண்டில், கணவர் முதலாம் பீமதேவரின் நினைவாக ராணி உதயமதி கட்டியதாகச் சொல்லப்படும் சோலங்கி காலக் கிணறு. ஏழு அடுக்காகக் கீழே இறங்கும். சுவரெங்கும் திருமாலின் அவதாரச் சிற்பங்கள். சரஸ்வதி ஆற்று வண்டலில் புதைந்து கிடந்ததைத் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது. 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். அவ்வளவு ஏன், பையிலுள்ள ஊதா நிற 100 ரூபாய்த் தாளைத் திருப்பிப் பாருங்கள், இதே கிணறுதான். நம் ஊருக்குப் பெருமை சேர்க்கத் தியாகராஜர் கோயில் கல்வெட்டுகள் இருக்கின்றன. பொய்ப் படம் எதற்கு? வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.