அது சுற்றுலா அல்ல

எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போலந்தில் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமைப் பார்த்துவிட்டு வந்த இரவு, கிராக்கோவ் நகரத்து உணவகத்தில், நீண்ட மேசையைச் சுற்றி ஆசிரியர்கள் நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் படம்தான். ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொன்றுக்கு அது ஓடிக்கொண்டே இருக்கிறது. 'பகலில் பிணக்காடு, இரவில் விருந்து' என்று தலைப்பு வேறு வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பணத்தில் ஊர் சுற்றுகிறோமாம். இடது ஓரத்தில் இருப்பது நான்தான். அதனால் நானே பதில் சொல்கிறேன்.

அது சுற்றுலா அல்ல. அது எங்கள் வேலை.

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் 1991 முதல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை கட்டாயப் பாடம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நான் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆஷ்விட்ஸில் மட்டும் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 11 லட்சம் பேர். அவர்களில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுத ஒரு நிமிடம் போதும். எழுதிவிட்டுத் திரும்பினால் பிள்ளைகளின் முகத்தில் ஒன்றும் இருக்காது. அவ்வளவு பெரிய எண் யாருடைய மனதிலும் ஏறாது. என் மனதிலேயே ஏறாமல்தான் இருந்தது.

ஆஷ்விட்ஸ் முதல் முகாமில் நான்காம் கட்டடத்தில் ஓர் அறை இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் தலைமுடி, ஏறத்தாழ இரண்டு டன். காலம் போகப் போக எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது. சில பின்னல்கள் அவிழாமல் அப்படியே கிடக்கின்றன. யாரோ ஒரு தாய் மகளுக்குப் பின்னிவிட்டது. அதே அறையில் தலைமுடியைக் கொண்டு நெய்த துணியும் இருக்கிறது. முடியை மூட்டை கட்டித் தொழிற்சாலைகளுக்கு விற்றிருக்கிறார்கள். அங்கே படம் எடுக்கக் கூடாது. எங்களில் ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை. இதை யாரும் பகிரவில்லை. பகிர்வதற்குத்தான் படம் இல்லையே.

"புத்தகம் போதாதா, ஆவணப்படம் போதாதா" என்று கேட்கிறார்கள். ஒரு செய்தி சொல்கிறேன். முகாமுக்கு மனிதர்களை ஏற்றி வந்த ரயில்களுக்கு ஜெர்மன் ரயில்வே கட்டணம் வாங்கியது. மூன்றாம் வகுப்புக் கட்டணம். நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் இலவசம், பத்து வயதுக்குக் கீழே என்றால் அரை டிக்கெட். நானூறு பேருக்கு மேல் போனால் தள்ளுபடி. இதை நான் புத்தகத்தில்தான் படித்தேன், மறுக்கவில்லை. ஆனால் ஆஷ்விட்ஸின் இன்னொரு பகுதியான பிர்கெனாவ் முகாமுக்குள் அந்தத் தண்டவாளத்தின் பக்கத்தில், 1944இல் ஹங்கேரி யூதர்களை இறக்கிய மேடையில் நின்ற பிறகுதான், இதை எங்கே தொடங்கிச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. திரும்பி வந்து வகுப்பில் வேறு எதுவும் சொல்லாமல் அந்தக் கட்டண விவரத்தை மட்டும் சொன்னேன். பின்வரிசையில் எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பையன் கை தூக்கினான். "திரும்பி வருவதற்கும் சேர்த்தா, மிஸ்?" என்றான். இல்லை, ஒரு வழிக் கட்டணம் மட்டும்தான் என்றேன். பிறகு அந்த வகுப்பில் நான் எண்களே எழுதவில்லை.

இதற்காகத்தான் போனோம். இது வேலை இல்லையென்றால் எது வேலை என்று நீங்களே சொல்லுங்கள்.

சிரிப்புக்கு வருகிறேன். காலையிலிருந்து மாலைவரை நடந்தோம். கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைப் பாதிப் பேர் பிரிக்கவே இல்லை. திரும்பும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேச்சில்லை. இரவு சூடான சூப் உள்ளே போன பிறகு, ஒரு கணித ஆசிரியர் தன் வகுப்பில் நடந்த ஏதோ குறும்பைச் சொன்னார். சிரித்தோம். சாவு வீட்டிலும் மூன்றாம் நாள் யாராவது எதையாவது சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வதில்லையா? அந்த ஒரு நொடியை எடுத்துவைத்துக்கொண்டு எங்களுக்கு இதயமே இல்லை என்கிறீர்கள். ஆஷ்விட்ஸ் தண்டவாளத்தின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களை அந்த அருங்காட்சியகமே 2019இல் கண்டித்தது. கோபம் வந்தால் அவர்கள்மேல் வரட்டும்.

செலவு? பாதிக்கு மேல் எங்கள் சொந்தப் பணம். விடுமுறையில் போனோம். இதற்கு மேல் நான் கணக்குக் காட்டத் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு இதில் என்ன அப்படி அக்கறை என்று கேட்டவருக்குக் கொஞ்சம் வரலாறு. ஜெர்மனியில் 1933 ஏப்ரலில் வந்த நாஜி அரசின் சட்டம் யூத ஆசிரியர்களை அரசுப் பணியிலிருந்து வெளியேற்றியது. எஞ்சிய ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலானோர் நாஜி ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்துகொண்டார்கள். 1938 நவம்பரில் யூதப் பிள்ளைகளை ஜெர்மன் பள்ளிகளிலிருந்து முற்றாக விலக்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் இருக்கைகள் காலியானதைப் பார்த்தபடி பாடம் நடத்தியவர்கள் யார்? என்னைப் போன்றவர்கள்தான். கையில் சாக்பீஸ் பிடித்தவர்கள். எனக்கு அக்கறை இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

வார்சாவிலிருந்து இன்னொரு நாஜி கொலைமுகாம் இருந்த ட்ரெப்ளிங்காவுக்கும் போனோம். அங்கே முகாம் என்று எதுவும் மிஞ்சவில்லை. நாஜிகளே இடித்து, உழுது, தடயத்தை அழித்துவிட்டார்கள். இப்போது இருப்பவை சுமார் 17,000 நினைவுக் கற்கள். பல கற்களில் ஊர்ப்பெயர்கள். ஒரே ஒரு கல்லில்தான் தனிமனிதர் ஒருவரின் பெயர் இருக்கிறது: யானுஷ் கோர்ச்சாக், அவருடைய குழந்தைகள். மருத்துவர், எழுத்தாளர், அநாதை இல்லம் நடத்தியவர். தப்பிக்க வழி கிடைத்தும் மறுத்து, 1942 ஆகஸ்டில் சுமார் 200 பிள்ளைகளோடு ரயிலேறினார். அந்தக் கல்லின் முன்னால் எங்களோடு வந்த ஓர் இளம் ஆசிரியை அழுதாள். பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. "என் வகுப்பில் முப்பது பேர். நான் போயிருப்பேனா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இனி நம்மவர்களுக்கு. "முள்ளிவாய்க்காலுக்கு எந்த வெள்ளைக்கார வாத்தியார் போனார்? நீ ஏன் அவர்களுக்காக அழுகிறாய்?" என்று ஓர் அண்ணா எழுதியிருந்தார். காஸாவைப் பற்றிக் கேட்டவர்களும் உண்டு. காஸாவுக்காக இந்த நகரத்தில் நடந்த ஊர்வலங்களில் நானும் நடந்திருக்கிறேன், அதை இங்கே வந்து நிரூபிக்க மாட்டேன். ஆனால் அண்ணாவுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

என் சித்தி மகன், இலங்கைப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்த 2009 மே மாதத்தில், எங்கே போனான் என்று எங்கள் குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவோடு இரவாக இடித்தபோது, இங்கே என் வீட்டுச் சமையலறையில் நின்று கத்தியவள் நான். இழப்பைப் பற்றி எனக்கு வகுப்பெடுக்காதீர்கள், அண்ணா. ஆஷ்விட்ஸில் ஏறத்தாழ 8,000 குழந்தைச் செருப்புகள் இருக்கின்றன. அவை மக்கிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தம் செய்து பாதுகாக்கும் வேலையை 2023இல் தொடங்கினார்கள். கொல்லப்பட்டவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் எழுதியிருந்த பெயர்களைக்கூட விடவில்லை. அதை நேரில் பார்த்தால், நம்மவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே, அவர்கள் விட்டுப்போன பொருட்களை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி தொண்டையில் வந்து நிற்கிறது. நாம் என்ன செய்திருக்கிறோம்? மே மாதத்தில் ஒரு நாள் விளக்கேற்றுகிறோம், படம் போடுகிறோம். அவர்களிடம் கற்றுக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அடுத்த குழுவோடும் போவேன்.

என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள், எனக்குப் பழகிவிட்டது. ஆனால் ட்ரெப்ளிங்காவில் அழுத அந்தப் பெண்தான் அந்தப் படத்தைப் போட்டவள். உங்கள் பின்னூட்டங்களை யாரோ மொழிபெயர்த்து அவளுக்கே அனுப்பியிருக்கிறார்கள். அவள் தன் முகநூல் கணக்கை மூடிவிட்டாள், திங்கட்கிழமை பள்ளிக்கும் வரவில்லை. அவளைப் பற்றி எழுதியவர்களின் பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. எழுதியதை இன்றே நீக்குங்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.